காருக்குக் கடையாணி கிடையாது

இப்போதெல்லாம் யாருக்கும் வண்டியை ஓரமாக நிறுத்தத் தெரிவதில்லை. சைக்கிளைக் கொண்டுவந்து வாசலிலேயே சாய்த்துவிட்டு, சங்கு ஊதிவிட்டது என்று உள்ளே ஓடுகிறார்கள். கேட்டால் "இதோ எடுத்துடறனுங்க" என்பார்கள். எடுப்பதில்லை. அதனால் சொல்வதையே விட்டுவிட்டேன். தடத்தில் நிற்கிற சைக்கிளின் வால்வைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்வேன். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, கடைசி ஆளாக வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். காற்றுப் போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊர் போகிறவனுக்கு மறுநாள் எங்கே நிறுத்துவது என்று தானாகத் தெரிந்துவிடும்.

இது என்னுடைய பழைய முறை. இப்போது நான் வாசல் காவல் பார்க்கும் இந்தப் பனியன் கம்பெனி கட்டுவதற்கு முன்னால் இதே இடம் பருத்தி வண்டிப்பேட்டை. ஐம்பத்தெட்டு வாக்கில் நான்தான் அதற்குக் காவல். காங்கேயம் பக்கமிருந்தும் பல்லடம் பக்கமிருந்தும் பாரம் ஏற்றிய வண்டிகள் ஏலத்துக்கு முந்தின நாளே வந்து இறங்கும். மாட்டை அவிழ்த்துக் கட்டி, சோறாக்கித் தின்று, வண்டிக்கு அடியிலேயே படுத்துக்கொள்வார்கள். சீசன் நாளில் பேட்டை ஒரு ஊர் மாதிரி இருக்கும்.

பருத்தியும் அடுப்பும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் சட்டம். வாசலிலிருந்து கிணறு வரைக்கும் நடுவில் ஒரு தடம் காலியாகக் கிடக்க வேண்டும். தீப்பிடித்தால் வண்டிகளை இழுத்து வெளியேற்ற அந்தத் தடம் ஒன்றுதான் வழி. தடத்தில் வண்டி நின்றால் அதன் ஒரு சக்கரத்துக் கடையாணியைப் பிடுங்கிப் புளியமரத்து ஆணியில் மாட்டிவிடுவேன். கடையாணி இல்லாவிட்டால் சக்கரம் அச்சில் நிற்காது, வண்டி நகராது. மற்ற வண்டிகள் எல்லாம் போன பிறகு நானே கொண்டுபோய் அடித்துக் கொடுப்பேன். வண்டிக்காரன் அதைத் தொடக்கூடாது. ஒரு தடவை ஒருத்தன் அவசரத்தில் அரைகுறையாக அடித்துக்கொண்டு போய் வாசலிலேயே குடைசாய்ந்தான். அன்றிலிருந்து என் கையால்தான். நான் அடித்த ஆணியை யாரும் குனிந்து பார்த்ததில்லை. பார்த்தால் எனக்கு மரியாதைக் குறைவு என்று அவர்களுக்கே தெரியும்.

எவன் வண்டி என்று நான் பார்த்ததில்லை. பெரிய பண்ணையத்து வண்டியும் ஒன்றுதான், வாடகை வண்டியும் ஒன்றுதான். பேட்டையில் கேட்டால் சொல்வார்கள். இப்போது கேட்க ஆள் இல்லை, அது வேறு விஷயம்.

பேட்டைக்கு முதலாளி ரத்தினசாமி. அந்த வருஷம் அவர் ஒரு கார் வாங்கினார். ஏலத்தன்று வந்து, தடத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து பருத்தியைப் பிடித்துப் பார்ப்பார். நான் கிட்டே போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கார்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தேன்.

காங்கேயத்துக்காரன் மருதாசலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல வண்டி வைத்திருந்தான். கடையாணித் தலைக்குப் பித்தளைப் பூண் போட்டு, அதில் வேல் வெட்டி வைத்திருந்தான். சிவன்மலைக்கு நேர்ந்துகொண்டது என்பான். வாயும் அந்தப் பூண் மாதிரிதான், மின்னிக்கொண்டே இருக்கும்.

"ஏனுங்க அங்கமுத்தண்ணா, அந்தக் காருக்குக் கடையாணி இல்லீங்களா?" என்றான்.

"காருக்கு ஏதுடா கடையாணி?"

"அதானே பாத்தேன். இருந்திருந்தா இந்நேரம் மரத்துல தொங்கும். நம்ம அண்ணன் ஆருக்கும் பயப்படற ஆளா?"

பக்கத்தில் அச்சுக்குப் போடும் வண்டி மை விற்றுக்கொண்டிருந்த சனாவுல்லா, "கடையாணி இல்லாட்டிப் போவுது, அந்தப் பாம் பாம் ஆரனையாச்சும் புடுங்கிட்டு வாங்கண்ணா, நம்ம மாட்டுக்குக் கட்டலாம்" என்றான். பேட்டையே சிரித்தது. ரத்தினசாமியும் சிரித்தார்.

நான் கோபப்படவில்லை. காருக்குக் கடையாணி கிடையாது. கடையாணியைப் பிடுங்குவதுதான் சட்டம். இல்லாததை எப்படிப் பிடுங்குவது? இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் அதன் பிறகு நான் தடத்தில் நடந்தால் வண்டிகளுக்கு அடியிலிருந்து "பாம், பாம்" என்று சத்தம் வரும். திரும்பினால் எல்லோரும் தூங்குவார்கள். மருதாசலம் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வருவான். முத்தாயி என்று பெயர், பல் விழுந்து முளைக்கிற வயது. அதுவும் என் பின்னாலேயே "பாம், பாம்" என்று வரும். அதற்கு என்ன தெரியும். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

அடுத்த ஏலத்துக்கு மருதாசலம் தன் வண்டியைக் கொண்டுவந்து காருக்குப் பின்னாலேயே தடத்தில் நிறுத்தினான். வேண்டுமென்றே செய்தான். மாட்டை அவிழ்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எடுடா" என்றேன்.

"முன்னால நிக்கறவரு எடுத்தா நானும் எடுத்துடறனுங்க. அவருக்கு ஒரு சட்டம், எனக்கொரு சட்டமுங்களா?"

நான் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கடையாணியைப் பிடுங்கினேன். அவன் தடுக்கவில்லை. சிரித்துக்கொண்டே பார்த்தான். வண்டிகளுக்கு அடியிலிருந்து 'பாம்' கூட வரவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டி மரத்தடிக்கு நகராததால் அவன் பாரம் ஏலத்துக்குப் போகவில்லை. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ரத்தினசாமியின் காரும் போனது. மத்தியானம் சாய்ந்தபோது பேட்டையில் அவன் ஒருத்தன்தான், முழுப் பாரத்தோடு. "இப்பக் குடுங்கண்ணா, பொளுதோட ஊடு போய்ச் சேரோணும், புள்ளை பசிக்குதுங்குது" என்றான்.

கை மாறிவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். மரத்தில் ஏழெட்டு ஆணி தொங்கும், தவறி வேறொன்றை எடுத்துவிட்டேன் என்று. ஆனால் அன்றைக்கு மரத்தில் அவனுடையது ஒன்றுதான் தொங்கியது. நான் மரத்துக்குப் போகவில்லை. என் கொட்டகைக்குப் போனேன். அங்கே பழைய கடையாணி ஒன்று கிடந்தது, பாதியில் ஒடிந்தது. தலையும் அதற்குக் கீழே கட்டைவிரல் நீளமும்தான் மிச்சம். தலையில் வண்டி மையை அப்பினேன். மை அப்பினால் பித்தளையும் இரும்பும் ஒன்றுதான். அச்சு ஓட்டையில் வைத்து, சுத்தியால் தட்டினேன். சத்தம் சரியாகத்தான் கேட்டது.

மருதாசலம் குனிந்து பார்க்கவில்லை. மாட்டைப் பூட்டிவிட்டு, "கோவிச்சுக்காதீங்கண்ணா, வெளையாட்டுக்குச் சொன்னதுதான்" என்றான். சிறுமி மூட்டைமேல் ஏற முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தாள். நான்தான் இடுப்பைப் பிடித்துத் தூக்கி மேலே விட்டேன். மேலே போனதும் ஒரு தடவை 'பாம்' என்றாள். வண்டி போன பிறகு மரத்தில் தொங்கிய பித்தளைப் பூண் ஆணியைக் கழற்றிக் கிணற்றில் போட்டேன்.

ஓடைப்பாலத்து இறக்கத்தில் சக்கரம் கழன்றது. பாரம் முழுக்க மருதாசலத்தின் மேல் சாய்ந்தது. அங்கேயே முடிந்தான். பெண்ணுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. செய்தி வந்ததும் நானும் ஓடினேன். எல்லோரும் வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்தபோது நான் ரோட்டோரமாகவே பின்னால் நடந்துபோய் ஒடிந்த ஆணியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். எதைத் தேடுவது என்று எனக்குத் தெரியும் அல்லவா. ஏலம் தவறிய ஆத்திரத்தில் குடித்துவிட்டு ஓட்டினான் என்றார்கள். மரத்திலிருந்து ஆணியை எடுத்து அவனே மாட்டியிருப்பான் என்றார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இந்தக் கோடையில் கிணறு வற்றிவிட்டது. தூர் எடுத்தபோது சேற்றோடு அது மேலே வந்தது. இரும்பு துருவேறி அரித்துப்போயிருந்தது. பூண் மட்டும் தேய்த்ததும் பளபளத்தது. கம்பெனியில் அது கைமாறிக் கைமாறி செக்கிங் பகுதிக்குப் போயிருக்கிறது. அங்கே முத்தாயி வேலை செய்கிறாள். இரண்டு வருஷமாக என் வாசல் வழியாகத்தான் காலை இழுத்து இழுத்துப் போய்வருகிறாள். எனக்குத் தெரியும். அவளுக்கு என்னைத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். என் முக்காலிமேல் இரண்டு கடையாணிகளை வைத்தாள். ஒன்று சேற்றில் கிடந்தது. இன்னொன்று எண்ணெய் போட்டுத் துடைத்தது, மறு சக்கரத்தினுடையது. அவள் அம்மா கண்ணம்மாள் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாளாம். இரண்டிலும் ஒரே வேல்.

"அப்புச்சி, உங்களுக்கு ஞாபகமிருக்குதுங்களா?"

"இருக்குது."

"எங்கம்மா வருசா வருசம் அப்பனுக்குப் படைக்கையில திட்டிக்கிட்டேதானுங்க படைக்கும். குடிகாரா, ஆணியக்கூடப் பாக்காம எங்குடியக் கெடுத்தியேன்னு திட்டும். எலையப் போட்டுட்டு அது திட்டறதக் கேட்க முடியலீங்க. அப்பன்மேல சாராய வாடையே இல்லீங்க, நான் பக்கத்துலயே இருந்தேன். இந்த ஆணி கெணத்துக்குள்ள கெடந்திருக்குது. அப்ப வண்டியில இருந்தது எது? எங்கம்மா திட்டலாமுங்களா, வேண்டாமுங்களா? அத மட்டும் சொல்லுங்க, போதும்."

அவள் அழவில்லை. அதனால் எனக்கும் சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. ஒடிந்த ஆணியைப் பற்றிச் சொன்னேன். மை அப்பியதைச் சொன்னேன். வாசலிலேயே சக்கரம் கழன்று, பேட்டைக்கு முன்னால் அவன் அசிங்கப்பட வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன் என்றேன்.

"அன்னிக்குப் பேட்டையில வேற ஆருமே இல்லீங்களே, அப்புச்சி. எல்லாரும் போயிட்டாங்களே. ஆரு முன்னால அசிங்கப்படறது?" என்றாள். பிறகு, "கட்டைவெரல் நீளத்து ஆணி எப்படீங்க ஓடைப்பாலம் வரைக்கும் தாங்குச்சு?" என்றாள்.

செக்கிங் வேலை பார்க்கிறவள். ஓட்டை எங்கே என்று கண் தானாகப் போகிறது.

"தேங்காய் நார் சுத்தி அடிச்சேன், கண்ணு" என்றேன். "இறுக்கமா நிக்கட்டும்னு. வாசல்ல கழண்டு வுளுந்தா தடம் அடைபட்டுப் போயிரும். தடத்த அடைக்கப்படாதுங்கறது சட்டம்."

அவள் இரண்டு ஆணிகளையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். நின்றாள்.

"ஒரு வார்த்தைங்க. அந்தக் காரு?"

இதையேதான் அவள் அப்பனும் கேட்டான். எத்தனை தடவை சொல்வது. "காருக்குக் கடையாணி கிடையாது" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. போலீசுக்குப் போவாளோ, அம்மாவிடம் போவாளோ, போகட்டும். கேட்டால் அங்கேயும் இதையே சொல்வேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். வண்டியைத் தடத்திலிருந்து எடு என்று அவனிடம் நான் சொன்னேனா இல்லையா?

அவளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வாசலுக்கு நடந்தேன். ரத்தினசாமியின் மகன் வந்திருந்தார். அவருடைய கார் வாசலுக்குக் குறுக்கே நின்றது. உடம்பை ஒடுக்கி அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். தடத்தில் சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடந்தது. குனிந்து வால்வைப் பிடுங்கினேன்.