அப்பாவின் குரலை வெட்டிய படம்

"ஹலோ... ஆமா, ஹேரிம்தான் பேசறேன்... யாரு?... அய்யோ, ஜூக்யோங் அக்காவா! புது நம்பரா இருந்துச்சு, அதான்... சொல்லுங்கக்கா... ஆமா, ஆமா, இன்னைக்குத்தான் கடைசி. நாலு மணிக்குள்ள... இல்ல, இன்னும் பதியல... மறக்கலக்கா! லேப்டாப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு அதுக்கு முன்னாடியேதான் உட்கார்ந்திருக்கேன்."

காலையிலிருந்தே பியோன் ஹேரிம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். சியோலில் ஒரு கல்லூரியின் திரைப்படத் துறையில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. திரையில் இரண்டே பொத்தான்கள்: 'சேர்கிறேன்', 'இடம் வேண்டாம்'. அழைத்தவள் அதே துறையில் மூன்றாம் வருடம் படிப்பவள். நேர்காணலன்று சூடான பார்லி டீ வாங்கி ஹேரிமின் கையில் திணித்தவள்.

"ஒண்ணு கேக்கட்டுமாக்கா? நிஜமா சொல்லணும்... முதல் வருஷம் முழுக்க லைட் தூக்கறதும் வயர் சுத்தறதும்தான்னு சொல்றாங்களே... ம்... ம்... அது பரவால்ல, எனக்கு வலை இழுத்துப் பழக்கம்... பாதியில எத்தனை பேர் விட்டுட்டுப் போவாங்க?... ஆறு பேரா! இருபத்திரெண்டுல?... ஓ. நீங்க ஏன் போகல?... (சிரிக்கிறாள்) அதெல்லாம் ஒரு காரணமாக்கா?"

சிரிப்பு சட்டென்று நின்றது.

"என்னது... வரவேற்பு நாள்லயா?... எல்லாருக்கும் முன்னாடியா... அந்தப் படத்தையா?... இல்ல, சந்தோஷம்தான்... புரொஃபசரே சொன்னாரா?... பெரிய திரைக்கான ஃபைலா? இருக்குக்கா... அனுப்பறது கஷ்டமில்ல... இல்ல, அழுவல. சளி."

அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்ததே அந்த நாலு நிமிடப் படம்தான். ஜுமுன்ஜின் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கணவாய் மீன் பிடித்தவர் அவள் அப்பா. கடல் சூடாகிக் கணவாய் வடக்கே போய்விட, டீசலுக்கே கட்டுப்படியாகாத படகைப் போன இலையுதிர்காலத்தில் உடைக்கக் கொடுத்துவிட்டார். எந்திரத்தின் இரும்புக் கை படகின் முதுகில் இறங்கியபோது, கரையில் நின்றிருந்த அவர் தரையில் குந்தி, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஹேரிம் காமிராவை இறக்கவில்லை.

"அக்கா, அந்தப் படத்துல எங்கப்பா அழறப்ப ஒரு சத்தமும் இருக்காதில்ல?... ஆமா, அதேதான். 'அந்த மௌனம்தான் படம்'னு சொன்னாரில்ல புரொஃபசர்... அது மௌனம் இல்லக்கா. நான் வெட்டினது... இல்ல, மெஷின் சத்தம் இல்ல. எங்கப்பா பேசினாரு. 'நிறுத்தும்மா'ன்னாரு... மூணு தடவை. 'ஹேரிம், நிறுத்து, அப்பாவை எடுக்காத'ன்னாரு. நான் நிறுத்தல. வீட்டுக்கு வந்து, ஹெட்போன் மாட்டிக்கிட்டு, அந்த மூணையும் ஒண்ணொண்ணா வெட்டி எடுத்தேன்... பாக்கலக்கா. இன்னும் அவரு பாக்கவே இல்ல. 'ஏதோ படகைப் பத்தி எடுத்தேன்'னு மட்டும் சொல்லியிருக்கேன். ஊரெல்லாம் எம்பொண்ணு படம் எடுத்து பாஸாயிட்டான்னு சொல்லிக்கிட்டுத் திரியறாரு."

எதிர்முனை நீளமாகப் பேசியது. ஹேரிம் கீழுதட்டைக் கடித்தபடி கேட்டாள்.

"ம்... ம்... புரியுது... எல்லாரும் அப்படித்தானா?... நீங்களும் உங்க அக்கா கல்யாணத்துல இப்படி எடுத்தீங்களா?... அவங்க உங்ககிட்ட பேசறதே இல்லையா இப்ப?... ரெண்டு வருஷமாவா!... அதுக்குப் பரிசு கிடைச்சுதா. ஓ... இல்லக்கா, உங்களைத் தப்பா நினைக்கல. நானும் அதையேதான் சொல்லிக்கிட்டேன். குரலைத் திரும்பப் போட்டா படம் கெட்டுடும்னு எனக்கும் தெரியும். அதுதான்க்கா பயமா இருக்கு. எடிட் பண்றப்ப எனக்குக் கஷ்டமாவே இல்ல. நல்லா வந்திருக்குன்னு சந்தோஷப்பட்டேன். ஒரு பொட்டலம் நூடுல்ஸ் செஞ்சு சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டேன்."

அடுத்த அறையில் தொலைக்காட்சி கடல் வானிலை சொல்லிக்கொண்டிருந்தது. படகு போன பிறகும் அலை எத்தனை மீட்டர் என்று தினமும் கேட்காமல் அப்பாவால் இருக்க முடியாது.

"மணி என்ன... மூணு இருபதா. அக்கா, ஒரு பத்து நிமிஷம் கழிச்சு... இல்ல, வேணாம், ஃபோனை வெக்காதீங்க. வெச்சீங்கன்னா தைரியம் போயிடும். லைன்லயே இருங்க. அப்பாவுக்கு வெட்டாத படத்தைக் காட்டிட்டு வந்துடறேன்... தெரியும். திட்டுவாரு. திட்டட்டும்."

கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். தொலைக்காட்சி அணைந்தது. இரும்பு முறியும் ஓசை கேட்டது. அதன் நடுவே ஓர் ஆணின் உடைந்த குரல் மூன்று முறை எழுந்தது. பிறகு தணிந்த குரலில் ஏதோ பேச்சு. வெளிக்கதவு திறந்து மூடியது.

"அக்கா?... இருக்கீங்களா... ம், பார்த்தாரு. முழுசா பார்த்தாரு... இல்ல, திட்டல. திட்டியிருந்தா பரவால்ல. 'நான் சொன்னது அப்ப உன் காதுல விழலையா'ன்னாரு. விழுந்துச்சுப்பான்னேன். தலையை ஆட்டிக்கிட்டாரு... அப்புறமா, 'கல்லூரியில போட்டுக் காட்டினது இதையா'ன்னாரு. இல்ல, உங்க குரலை வெட்டிட்டுக் காட்டினேன்னேன்... ஆமா, சொல்லிட்டேன். பொய் சொல்ல வாய் வரல... ஷூ போட்டுக்கிட்டே, என்னைப் பாக்காம, 'போய்ப் படி. எனக்குப் பழகிடும்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அனுமதி குடுத்துட்டாருன்னு நீங்க சொல்றீங்க. எனக்கு அப்படிக் கேக்கலக்கா... பழகிடும்னாரு. கணவாய் வராம போனது பழகிடுச்சு, படகு போனது பழகிடுச்சு, இப்ப நான். அவருக்கு நான் பழக வேணாம்க்கா... இல்ல, கோவத்துல பேசல... ஃபைல் அனுப்ப மாட்டேன். சேரவும் போறதில்ல. புரொஃபசர்கிட்ட நானே சொல்றேன்... என்ன வேணா நினைக்கட்டும்... ஆமா, சேரலைன்னா வேற இடம் இல்ல, தெரியும். வேற எங்கயும் அப்ளிகேஷன் போடவே இல்லையே. ஒரு வருஷம் போகும். துறைமுகத்துல மீன் கடையில ஆள் கேக்கறாங்க, நிப்பேன்."

எதிர்முனையின் குரல் உயர்ந்தது. ஹேரிம் கைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"கத்தாதீங்கக்கா... படிப்பு எனக்கு வேணாம்னு சொல்லலையே! எனக்கு வேணும். ராத்திரி பகலா வேணும். அதனாலதான்... இந்தப் படத்தோட உள்ள வந்தா, அங்க எல்லாரும் இதைத்தான் என்கிட்ட மறுபடி மறுபடி கேப்பாங்க. நானும் குடுத்துக்கிட்டே இருப்பேன். நல்லா குடுப்பேன், அதான் பிரச்சனை... நிறுத்துன்னு ஒருத்தர் சொன்னா நிறுத்தத் தெரியணும்க்கா. அதை நீங்க யாரும் எனக்குச் சொல்லித்தர முடியாது... காத்திருப்புப் பட்டியல்ல முதல்ல யாரு?... தேகு நகரத்துலேருந்து ஒரு பொண்ணா? சரி. நாலு மணிக்கு மேல அவளைக் கூப்பிடுவாங்க இல்ல... நல்லதுதான்."

அவள் லேப்டாப்புடன் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சன்னலுக்கு வெளியே, அலையைத் தடுக்கும் கல் அணையின் கோடியில் அப்பா தனியாக நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் கோட்டுப் பைக்குள் இருந்தன. ஹேரிமின் கை பழக்கத்தில் காமிராவைத் தேடி மேசைமேல் ஊர்ந்தது. அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழுத்திட்டேன்க்கா... 'இடம் வேண்டாம்'தான்... ரெண்டாவது தடவை கேட்டுச்சு, உறுதியான்னு. ஆமான்னேன்... இல்லக்கா, இப்ப நிஜமாவே அழறேன்... நான் கீழ போகணும். அவரு காத்துல நிக்கறாரு, தொப்பி கூட எடுத்துக்கிட்டுப் போகல... நம்பரை அழிச்சுடாதீங்க. அடுத்த வருஷம் மறுபடி போடுவேன், வேற படத்தோட. அதை முதல்ல அப்பாவுக்குக் காட்டிட்டு... அக்கா? கேக்குதா?... அக்கா?"

கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இணைப்பு எப்போதோ அறுந்திருந்தது.