வெட்டச் சொன்ன குரல்

“…பாட்டுல கத்தறதையெல்லாம் உட்டுட்டாங்க. நடுவுல நான் மெதுவாப் பேசறதத்தான் வெட்டோணுமாமா.”

உக்கடத்திலிருந்து ஆனைமலை போகும் பஸ்ஸில், முன் சீட்டு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மகள் ‘பங்க்’ எனும் ஆவேச ராக் பாட்டுக் குழுவில் பாடுகிறாளாம். புது ஆல்பத்தில் அம்மா பேசியதையும் சேர்த்திருக்கிறாள். அதை நீக்காவிட்டால் கேஸ் என்று போலீஸ் சொல்லியிருக்கிறது.

“பாட்டைக் கேட்டீங்களாக்கா?”

“கேட்டேன். மில்லு மெசினாட்டம் இருக்குது.”

“நீங்க என்ன பேசுனீங்க?”

“எங்கூரு டீக்கடைல எங்க சனத்துக்குத் தனி டம்ளருன்னு, ஊர் பேரோட சொன்னேன்.”

“இன்னுமா அப்படி?”

“காலைல குடிச்சு, நானே கழுவி வெச்சுட்டுத்தான் வாரேன்.”

“வெட்டச் சொல்லிருங்கக்கா. அந்த ஊர்லதான பொழைக்கோணும்?”

“புள்ளையும் அதையேதான் கேக்குது. ‘உங்குரலுன்னு தெரிஞ்சுபோயிரும்மா, எடுத்துடட்டுமா’ன்னு. மத்தியானத்துக்குள்ள சொல்லோணும்.”

கிணத்துக்கடவில் பஸ் நின்றது. அந்த அம்மா போனை வாயருகே பிடித்து, தன் பெயர், வீட்டுக்காரர் பெயர், தெருப் பெயர் மூன்றையும் நிதானமாகச் சொன்னார். “இதையும் நான் பேசுனதுக்கு முன்னால சேத்திக்கோ, கண்ணு,” என்று சொல்லி மகளுக்கு அனுப்பினார்.