பெரிய குளத்து மேகம்

ஐப்பசி மேகத்தைப் படமெடுக்க நல்ல கேமராவைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும், மேடம். எனக்கு அது உண்டு. திண்டுக்கல்லில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து எடுப்பது பிழைப்பு. மழைக்காலத்தில் சாயங்காலமானால் செம்பட்டி தாண்டிப் பெரிய குளத்துக் கரையில் போய் நிற்பேன்.

பொம்மையன் அண்ணனை அங்கேதான் பழக்கம். பரிசலில் போய் வலை போடுபவர். மேகம் மட்டும் இருந்தால் அது எவ்வளவு பெரிசு என்று படத்தில் தெரியாது. கீழே சின்னதாக ஒரு மனிதன் வேண்டும். நான் கேட்டால் நடுக்குளத்தில் பரிசலை நிறுத்திக் கொடுப்பார். படத்தைக் காட்டினால், "என்னப்பு, என்னைய எறும்பு கணக்கா ஆக்கிட்ட" என்று சிரிப்பார்.

அன்றைக்கு மேற்கே மலையை மறைத்துக்கொண்டு மேகம் கறுப்பாக எழுந்தது. அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்.

"காத்து மாறுது அப்பு. இன்னிக்கு வேணாம்."

"செத்த நேரம்ண்ணே. ஒரே ஒரு படம்."

என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். திரும்பத் துடுப்புப் போட்டார். நடுவில் போய் நிறுத்தியதும் இடி இறங்கியது. எழுந்து நின்று கையைத் தூக்கினார், வரட்டுமா என்று. மேகம் இன்னும் தண்ணீர் மேல் முழுசாகக் கவியவில்லை. இருங்கள் என்று கை காட்டினேன்.

காற்று வந்தது. பரிசல் கவிழ்ந்தது. ரோட்டுக்கு ஓடி ஆள் கூட்டி வந்தேன். மறுநாள்தான் உடல் ஒதுங்கியது. விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். எனக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

போன வாரம் அவர் சம்சாரம் அய்யம்மாள் ஸ்டுடியோவுக்கு வந்தார். வீட்டில் மாட்ட ஒரு படம்கூட இல்லையாம். "ஒங்ககிட்டதேன் இருக்கும்னு சொன்னாக தம்பி." கை தூக்கி நின்றதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்தேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"போயிட்டு வாரேன்னு கை காட்டுறாரு போல."

"ஆமாக்கா" என்றேன்.

அதைச் சொன்ன பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. அதனால்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியும், மேடம். கரையில் இன்னொரு பரிசலும் கிடந்தது. அவர் கவிழ்ந்ததற்கும் நான் ரோட்டுக்கு ஓடியதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது. அப்போதுதான் மேகம் நான் நினைத்த மாதிரியே இறங்கியது, எடுத்துக்கொண்டே இருந்தேன். கவிழ்ந்த பரிசலைப் பிடித்துக்கொண்டு அவர் என்னைத்தான் பார்க்கிறார், படத்துக்குப் படம் தெரிகிறது. கடைசியில் எடுத்ததில் பரிசல் மட்டும் இருக்கிறது.

அந்தப் படங்களை அய்யம்மாளுக்கு நான் காட்டவில்லை. அந்த அளவுக்கு ஈரமில்லாதவன் இல்லை, மேடம்.