இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே

இந்த வாக்குமூலத்தின் முகப்பில் எழுதப்பட்டுள்ள பெயர் என்னுடையதுதான். வயது இருபத்தாறு. திருமணமாகவில்லை. பேருந்து நிலையத்தின் பின்தெருவில், மருந்துக்கடைக்கு மேலுள்ள மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். என் அக்காவின் கணவர் நடத்தும் பயணச்சீட்டு முன்பதிவு அலுவலகத்தில் முகப்பு மேசையில் வேலை பார்க்கிறேன். நான் அவருடைய இழுப்பறையைத் திறந்து பாஸ்போர்ட்டைத் திருடியதாகவும், கண்ணாடி உலக உருண்டையை உடைத்ததாகவும், அக்காவை எங்கோ மறைத்து வைத்திருப்பதாகவும் அவர் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அக்கா இப்போது எங்கே என்று ஆய்வாளர் அம்மா முதலில் கேட்டார். நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் அந்தப் பதில் விளங்கும் என்றேன். "கதை வேண்டாம்மா, விஷயத்தை மட்டும் சொல்லு" என்றார். விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

புகார்தாரரை வாடிக்கையாளர்கள் 'பத்திரம் சார்' என்பார்கள். சீட்டைக் கையில் கொடுக்கும்போது அவர் தவறாமல் சொல்லும் வார்த்தை அது. யார் வந்தாலும், விசைப்பலகையைத் தொடுவதற்கு முன் மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்வார். முழுப் பயணமும் ஒரே சீட்டில் இருக்க வேண்டும். விமானம் மாறும் ஊரில் இறங்குவதும் ஏறுவதும் ஒரே நிலையமாக இருக்க வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கும் வேலை நாளுக்கும் நடுவே ஒரு நாளாவது சும்மா கிடக்க வேண்டும். சென்ற கோடையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தாமே இணையத்தில் எடுத்த சீட்டுகளைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார். இறங்குவது ஒரு நிலையம், ஏறுவது ஊரின் மறுகோடியில் வேறொரு நிலையம். புகார்தாரர் அதை எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படித்துவிட்டு, "நடுவுல நீச்சலடிச்சா போவீங்க சார்? மலிவா கிடைக்குதுன்னு கிணத்துல குதிப்பாங்களா?" என்றார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. இதை நான் சொல்வது, புகார்தாரருக்கு இந்தத் தவறு என்னவென்று தெரியும் என்பது பதிவாக வேண்டும் என்பதற்காக.

அதன் பிறகு சில வாரங்களில் அக்காவுக்குக் கடிதம் வந்தது. அக்கா செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர். வெளிநாட்டில் ஒரு வருடப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. குறிப்பிட்ட நாள் காலையில் நேரில் போய் நிற்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அதில் எழுதியிருந்தது. புகார்தாரர் அன்று மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார். தெருவில் போனவர்களிடமெல்லாம் சொன்னார். டிக்கெட்டைத் தானே போடுவதாகவும் சொன்னார். எந்த வழியாக என்று அக்கா கேட்டதற்கு, "டிக்கெட் போடறது என் தொழில். நீ பல்லைப் பாரு" என்றார். அலுவலகத்தில் நான் கேட்டதற்கு, "உனக்கெதுக்கு? நீயா பறக்கப் போற?" என்றார். அதன் பிறகு கிளம்பும் நாளில், விமான நிலைய வாசலில், ஒட்டிய கவர் ஒன்றை அக்காவின் கையில் கொடுத்து, பத்திரம் என்றார்.

அதன் பிறகு நடந்ததை அக்கா சொல்லி அறிந்தேன். கவரில் இருந்தவை இரண்டு தனித்தனிச் சீட்டுகள். நடுவே இறங்கிய ஊரில் அடுத்த விமானம் வேறு நிலையத்திலிருந்து புறப்படுவதாக இருந்தது. சீட்டுகள் வெவ்வேறு என்பதால் பெட்டியை யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை. அக்கா பெட்டிக்காக நின்றார். எல்லோருடைய பெட்டியும் வந்த பிறகு அவருடையது வந்தது. அதன் பிறகு வாடகைக் கார் பிடித்து ஊரைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது மறு நிலையத்தில் வாயிலை மூடியிருந்தார்கள். போய்ச் சேர வேண்டிய நாளே பயிற்சி தொடங்கும் நாளாகவும் இருந்ததால், அடுத்த விமானத்தில் போயும் பயனில்லை. அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து புகார்தாரரைத் தொலைபேசியில் அழைத்தார். அக்கா சொல்லி முடிக்கும் முன்பே, "சரி விடு. கவர்ல அடியில இன்னொரு காகிதம் இருக்கு பாரு" என்று புகார்தாரர் சொன்னார். அக்கா பார்த்தார். அது மறுநாள் காலை வீடு திரும்புவதற்கான சீட்டு.

ஒரு வருடப் பயிற்சிக்குப் போகிறவருக்கு மறுநாள் திரும்பும் சீட்டு எதற்கு என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். அதைப் புகார்தாரரிடம்தான் கேட்க வேண்டும். அவர் வெளியே பெஞ்சில் இருக்கிறார்.

அக்கா திரும்பி வந்த அன்று நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா, பல்லின் நிறம் பார்க்க வைத்திருக்கும் மாதிரிப் பற்களைப் பெட்டிக்குள் வெளிறியதிலிருந்து மஞ்சள்வரை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்று குறைந்தது. அதைத் தேடிக்கொண்டே இருந்தார். புகார்தாரர், "ஊரையே அனுப்பி வச்ச கை இது. என்ன பண்றது, யானைக்கும் அடி சறுக்கும்" என்றார். "சறுக்கும் அத்தான். சறுக்கறதுக்கு முன்னாடியே திரும்பி வர டிக்கெட் எடுத்து வைக்கிற யானையை நான் பாத்ததில்ல" என்றேன். "பாத்தியா உன் தங்கச்சி வாயை? புத்தகமா படிச்சு வீணாப் போனவ. அதான் ஒருத்தனும் வந்து கேக்க மாட்டேங்கறான்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா கட்டிலுக்கு அடியில் கையைவிட்டுத் தேடினார்.

அதன் பிறகு பயிற்சி நிலையத்துக்கு அக்கா எழுதினார். அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள்வதாகவும், மூன்றாவது வாய்ப்பு கிடையாது என்றும் பதில் வந்தது. அந்த வாரமே புகார்தாரர் அக்காவின் பாஸ்போர்ட்டை எங்கள் அலுவலக இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அக்கா கேட்டபோதெல்லாம், "பத்திரமா இருக்கு" என்றார்.

அதன் பிறகு நான் எங்கள் அலுவலகத்துக்கு எதிரிலுள்ள போட்டிக் கடைக்குப் போனேன். பாஸ்போர்ட்டின் நகல் அக்காவிடம் இருந்தது. கடைக்காரப் பெண்மணி என்னைப் பார்த்துச் சிரித்து, "என்னம்மா, உங்க கடையில பேய் புகுந்துடுச்சா?" என்றார். "புகல அக்கா. கடையே அதோடதுதான்" என்றேன். புகார்தாரர் ஊராருக்குச் சொல்லும் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்துவிட்டுச் சீட்டு எடுத்தேன். அந்த வகையில் அவரிடம் நான் தொழில் கற்றிருக்கிறேன் என்பதை மறுக்கவில்லை.

இன்று காலை வழக்கம்போல் அலுவலகத்தைத் திறந்தேன். இழுப்பறைச் சாவி பேனாக் குவளையில் இருக்கும். திறந்து, அக்காவின் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து, கீழே காரில் காத்திருந்த அக்காவிடம் கொடுத்தேன். யாருடைய பொருளோ அவரிடமே கொடுத்ததைத் திருட்டு என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளலாம். அக்காவிடம் ஒரு கைப்பை மட்டுமே இருந்தது. பெட்டி கொண்டுவர மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அதன் பிறகு மேலே வந்து வேலையைத் தொடர்ந்தேன். புகார்தாரர் வந்தார், இழுப்பறையைப் பார்த்தார், "எங்கடி அவ?" என்றார். "யாரு அத்தான்?" என்றேன். அவர் மேசையிலிருந்த கண்ணாடி உருண்டையை எடுத்து எறிந்தார். குனிந்தது மட்டும் என் பங்கு. சுவரில் பட்டுச் சிதறியது பெரும்பாலும் கடல்தான். அதைக் கூட்டி அள்ளியதும் நானே.

அதன் பிறகு இங்கே அழைத்து வரப்பட்டேன். நான் பேசிக்கொண்டிருக்கையில் புகார்தாரர் கதவருகே வந்து, "மேடம், முதல்ல அவ எங்கன்னு கேளுங்க, ஏர்போர்ட்டுக்கு ஒரு போன் போடுங்க" என்று பலமுறை சொன்னார். அவரை உட்காரச் சொன்னார்கள். இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டும்படி கேட்டேன். படித்துக் காட்டினார்கள். இன்னொரு முறை நிதானமாகப் படிக்கும்படி கேட்டேன். ஆய்வாளர் அம்மா என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதன் பிறகு எழுத்தரிடம், "படிங்க" என்றார்.

இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அக்கா வானத்தில் இருக்கிறார். விமானம் கிளம்பிவிட்டது. நடுவே எங்கும் இறங்காது. பயிற்சி தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. திரும்பும் சீட்டு எடுக்கவில்லை. காரில் ஏறும்போது அக்காவிடம் பத்திரம் என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தையை அவர் போதுமான அளவு கேட்டிருக்கிறார்.

இதில் உள்ளது முழுவதும் நடந்தது நடந்தபடியே நான் சொன்னது. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. எதையும் மறைக்கவில்லை, அதனதன் நேரம் வரும்போது சொன்னேன். இருமுறை படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)