முதல் பக்கத்தில் வைக்காத படம்

"மாலை போட்ட படத்த முதல் பக்கத்துல வச்சா, கடைய மூடிட்டாவன்னுல்லா நினைப்பாவ?"

தூத்துக்குடியிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் தன் மனைவியிடம் இப்படிக் கேட்டார். அவர் மடியில், செய்தித்தாளில் பாதி சுற்றிய ஒரு பெரியவரின் படம் இருந்தது. புதுச் சட்டம், புதுக் கண்ணாடி. அந்த அம்மா கையிலிருந்த போனில் அவர்களுடைய கருப்பட்டிக் கடை வெப்சைட்டின் முதல் பக்கம் திறந்திருந்தது.

"அப்ப மாலை இல்லாம வைங்க."

"செத்துப்போன அப்பா படத்த மாலை இல்லாம எப்படிளா வைக்க? சித்தப்பா சும்மா விடுவாவளா?"

"உயிரோட இருக்கும்போதே மாமா கேட்டாவ. அப்பவே வச்சிருக்கலாம்."

"டிசைன் பண்ணுனவன் வேண்டாம்னான்லா. தெறந்ததும் சரக்கு தெரியணும், அதுக்குக் கீழயே ஆர்டர் பட்டன் இருக்கணும், கிழவன் மூஞ்சிய எவன் பாக்கப் போறான்னு..."

"கிழவன் மூஞ்சின்னு அவன் சொல்லல. நீங்கதான் மாமாகிட்ட சொன்னீய."

பஸ் மில்லர்புரத்தைத் தாண்டியது. அந்த அம்மாதான் மறுபடியும் ஆரம்பித்தார்.

"வெப்சைட்டுக்குன்னே வெள்ளச் சட்டை போட்டு, தலைக்கு எண்ண தேச்சு, ஸ்டுடியோவுக்குத் தனியாப் போயி எடுத்துட்டு வந்தாவ. அந்தப் படம் எங்கன கெடக்கோ."

அவர் மடியிலிருந்த செய்தித்தாளை விலக்கினார்.

"இதான்ளா அது. மாலை போட வேற படமே இல்ல."