குறுக்கே வரும் கோளுக்கு வேளை குறித்தவர்

வேற்று ஞாயிறுகளின் வீதிகளை விரல்நுனியில் வைத்திருக்கும் வித்தகியே! கண் காணாக் கோள்களுக்குக் காலம் குறித்த கணக்கின் கோமகளே! காரூ மேட்டு வானாய்வகத்தின் பெருமையே! எங்கள் மக்ரீத்தா பியூக்கஸ் அம்மையாரே!

விடைபெறும் இந்த நன்னாளில் உங்கள் முன் நின்று நாங்கள் வாசிக்கும் இம்மடலில் புகழ்ச்சி குறைவாகவும் நடந்தது அதிகமாகவும் இருக்கும். புகழ்ந்தால் நீங்கள் எழுந்து தேநீர் போடப் போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

நீங்கள் எடுத்துக்கொண்ட பணி எளிதன்று. ஒரு நட்சத்திரம் லேசாகத் தள்ளாடுவதைக் கண்டு, அதைச் சுற்றி ஒரு கோள் உண்டென்று உலகம் அறிவித்துவிடும். அந்தக் கோள் நட்சத்திரத்தின் முகத்துக்குக் குறுக்கே வருமா, வந்தால் எந்நாள், எவ்வேளை என்று கேட்டால் எவரும் வாய் திறக்கமாட்டார். அதன் பாதை நம் பார்வைக்கு நேராகச் சாய்ந்திருந்தால் ஒளி சற்றே மங்கும். கோளின் பருமனும் அதைச் சூழ்ந்த காற்றும் நமக்குத் தெரியவரும். இல்லையேல் எத்தனை காலம் காத்திருந்தாலும் ஒன்றுமில்லை. வராமல் போவதே வழக்கமான இந்தத் துறையில் வாழ்நாளை வைத்த வீராங்கனை நீங்கள்!

முதலில் மூன்று கோள்களுக்கு நேரம் குறித்தீர்கள். மூன்றும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் "வரவில்லை" என்று உங்கள் பெயரிலேயே வெளியிட்டீர்கள். உணவுக்கூடத்தில் கேலி பறந்தது. "வராத ரயிலுக்கு டைம்டேபிள் போடுற அக்கா வர்றாங்க, வழி விடுங்கப்பா!" நீங்களும் சிரித்தீர்கள். அன்று மாலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டதையும் நாங்கள் கண்டோம்.

நான்காவது கோள் வேறு மாதிரி. நீண்டு ஒடுங்கிய பாதையில் போகும் அது, தன் நட்சத்திரத்தை மிக நெருங்கும் இடம் நம் பக்கமாகவே இருப்பதை நீங்கள் கண்டீர்கள். அவ்வளவு நெருங்கி வருவதால் குறுக்கே வரும் வாய்ப்பும் கூடுதல். ஆனால் அதன் நேரக்கணக்கு பழையது. ஒவ்வொரு சுற்றிலும் சிறுபிழை சேர்ந்து சேர்ந்து, நாள்கணக்கில் ஐயம் வளர்ந்திருந்தது. ஒரு பருவம் முழுக்க நட்சத்திரத்தின் தள்ளாட்டத்தை மீண்டும் அளந்து, அந்த ஐயத்தை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்கினீர்கள். பிறகு தொலைநோக்கி நேரம் கேட்டு, ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவர் டெர்பிளான்ச் முன் நின்றீர்கள்.

"பத்துல ஒம்பது தடவ ஒண்ணும் நடக்காதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க மக்ரீத்தா. அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?"

"மத்ததுக்கெல்லாம் நூத்துல ஒண்ணுதான் சார். இது பத்துல ஒண்ணு. இதைவிட நல்ல பந்தயம் வானத்துல எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

பெரிய தொலைநோக்கி கிடைக்கவில்லை. யாரும் தொடாத பழைய சிறியதைக் கொடுத்தார்கள். அதையும் மலர்ந்த முகத்தோடு வாங்கிக்கொண்டீர்கள்.

அதற்கடுத்து நீங்கள் செய்ததுதான் எங்களைத் திகைக்க வைத்தது. கணக்கு முழுவதையும் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் வானியலாளர் ஹெதர் கின்னேனுக்கு அனுப்பினீர்கள். உங்கள் உதவியாய்வாளர் ஒபாக்கெங் கொதித்துப்போனார்.

"அக்கா, நம்ம உழைப்பத் தூக்கி அவங்க கையில குடுக்குறீங்களே! பேரெல்லாம் அங்க போயிடும்."

"அது தொடங்குறப்ப நமக்கு நல்ல வெயில் தம்பி, அவங்களுக்கு இருட்டு. பேரு போனாப் போகட்டும். தொடக்கம் போயிடக் கூடாது."

அந்நாளும் வந்தது. கனலில் சுட்ட ரொட்டியும் ஆட்டுக்கறியுமாக மதிய உணவில் இருந்தோம். கைப்பேசி ஒலித்தது. ஹெதரின் குரல் மேசை முழுக்கக் கேட்டது. "மக்ரீத்தா, மங்குது! நெசமாவே மங்குது!"

நாங்கள் துள்ளி எழுந்தோம். நீங்கள் மட்டும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "மேகமா இருக்கலாம், கருவிக் கோளாறா இருக்கலாம். சாயங்காலம் நம்ம கண்ணால பாப்போம்," என்றீர்கள்.

பொழுது சாயும் நேரத்தில் மேற்கே மேகம் திரண்டது. ஒபாக்கெங் மேகத்தை வாயில் வந்தபடி திட்டினார். காற்று திசை மாறி மேகம் கலைந்தது; கூரை திறந்தது; பழைய தொலைநோக்கி நட்சத்திரத்தைப் பிடித்தது. ஒளி மங்கியே இருந்தது. பிறகு புள்ளி புள்ளியாக மேலேறி, நீங்கள் குறித்த வேளையையொட்டியே முழுமைக்குத் திரும்பியது. ஆஸ்திரேலியா கண்ட இறக்கமும் காரூ கண்ட ஏற்றமும் ஒரே கோட்டில் பொருந்தின. திரையின் முன் நீங்கள் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டீர்கள். தோள்கள் குலுங்கின. எங்களில் கண் கலங்காதவர் இல்லை.

சேதி கேட்டு மலையேறி வந்த டெர்பிளான்ச் நெடுநேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பின் ஒன்றுதான் கேட்டார். "அடுத்தது எது மக்ரீத்தா? எத்தனை ராத்திரி வேணும்?"

ஹெதரோ தம் அறிவிப்பின் முதல் வரியிலேயே உங்கள் பெயரை வைத்தார். கொடுத்ததால் குறையாத கொற்றவையே! மறைத்து வைக்கும் மனிதர் நடுவே திறந்து வைத்த திருமகளே! இன்று எந்த நாட்டார் எந்தக் கோளுக்கு நேரம் குறித்தாலும், உங்கள் வழியில் கணக்கைப் பொதுவில் வைக்கிறார்கள். வராததையும் வந்ததைப்போலவே வெளியிடுகிறார்கள். உங்களோடு பணியாற்றினோம் என்று சொல்லும்போதே எங்கள் நெஞ்சு நிமிர்கிறது!

நாளை நீங்கள் கணவர் ஹென்ட்ரிக்கோடு போர்ட் நோலோத் கடற்கரைக்குக் குடிபோகிறீர்கள். பாதி இரவு மூடுபனி வானத்தை மறைக்கும் ஊர் அது; இனியாவது உங்களுக்கு உறக்கம் வாய்க்கட்டும்! முழங்கால் வலி தீரட்டும்! நலமும் நகைச்சுவையும் குன்றாமல் நெடுங்காலம் நீங்கள் வாழவேண்டும்!

வரும் ஆகஸ்டில் அந்தக் கோள் மீண்டும் குறுக்கே வருகிறது. இம்முறை வேளையை நாங்களே குறித்துவிட்டோம். சரிபார்க்க வராதீர்கள், அம்மையாரே! பார்க்க வாருங்கள்!

பெருமிதத்துடன்,
காரூ மேட்டு வானாய்வகப் பணியாளர்கள்