நெல்லுக்குள் நின்ற புல்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் வரும். நாலாம் வகுப்போடு நின்றவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் ஒருநாள், தக்கலையிலிருந்து நாகர்கோவில் வந்த பஸ் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு வயலோரம் நின்றது. எனக்கு முன்னால், கண் ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பும் பெரியவர் ஒருவரும் அவர் தங்கையும் இருந்தார்கள். பெரியவர் வயலைக் காட்டினார்.

“ஏட்டி, நெல்லுக்குள்ள புல்லை வளத்து வச்சிருக்கான் பாரு.”

“சும்மா கெடங்க அண்ணாச்சி. போன மாசம் என்னையே யாரோ அண்ணின்னு நெனச்சு மைனின்னு கூப்பிட்ட ஆளு நீங்க. எனக்கு எல்லாம் நெல்லாட்டுதான் தெரியுது.”

“எறங்கிப் பிடுங்கிப் பாரு. அடித்தண்டு செவந்திருக்கும்.”

அந்த அம்மாள் இறங்கிப் போய், சேற்றுக் கையோடு திரும்பி வந்தார்.

“புல்லேதான் அண்ணாச்சி! செவந்துல்லா இருக்கு!”

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள்.

“கண்ணு தெரியாத ஆளுக்கு வயல்ல என்ன சோலின்னு எம்மவன் மம்பட்டியை ஒளிச்சு வச்சாம்லா? நாளைக்கு வெடியக்காலம் நான் வயல்ல நிப்பேன்.”

“நில்லுங்க. ஆனா ஒரு மாசம் குனியப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“நான் எதுக்குக் குனியணும்? வரப்புல நிண்ணு எது புல்லுன்னு சொல்லுதேன். அவன் குனிஞ்சு பறிக்கட்டும்.”

எழுதத் துணிந்த நாள்: கொல்லம் ஆண்டு 1108, மாசி 3.